சாவி கொடுக்கிற ஆறு, தானாக ஓடுகிற மூன்று

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சௌக்கியம். படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? "நலம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே. முப்பத்தெட்டு வருடம் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள் நான். எந்தக் கட்டிலில் போய்க் கேட்டாலும் முதலில் "நலம்" என்றுதான் சொல்வார்கள்.

உன் நண்பர் கண் டாக்டரிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அட்டைப்பெட்டிகள், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு தங்கக் கைக்கடிகாரம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அக்காவுக்கு. தினமும் காலையில் சாவி கொடு." இவ்வளவுதான் விளக்கமா?

எனக்கு எழுபத்திரண்டு வயது. சுவரில் ஒரு கடிகாரம் ஓடுகிறது, தலைமாட்டில் ஒரு அலாரம் இருக்கிறது, பீரோவில் நான் வெள்ளை உடையில் குத்திக்கொண்டிருந்த தலைகீழ்க் கடிகாரம் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. நான்காவது வந்து புதிதாக என்ன சொல்லப்போகிறது? நான் ஓய்வு பெற்ற அன்று உன் அத்தான் தங்கக் கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்று கடை வாசல் வரை கூட்டிப் போனார். "மணி பாக்க எதுக்குத் தங்கம்?" என்று கேட்டு அவரைத் திருப்பி அழைத்து வந்தவள் நான். உனக்கும் அது தெரியும்.

முப்பது வருடமாக ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் கடிகாரம் கடிகாரமாகச் சேர்த்தவன், இப்போது அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாய் என்றால் எனக்கு மூக்கில் வேர்க்கிறது. வீட்டைக் காலி செய்கிறாயா? யாராவது வரப்போகிறார்களா? அறுபத்து நான்கு வயதில் கல்யாணம் குற்றமில்லை. எனக்குச் சொல்லாமல் செய்வதுதான் குற்றம்.

போனில் கூப்பிடாதே. போன மாதம் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. லைன் சரியில்லை. எழுது.

அக்கா


ஜனவரி 31

அன்புள்ள அக்கா,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? வலது தோள்பட்டை கொஞ்சம் இறுக்கம். முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்த தோள், வேறென்ன செய்யும்? உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

கல்யாணம் எதுவும் இல்லை. இந்த வீட்டில் பெண் என்று வந்தால் அவள் முதலில் கடிகாரப் பெட்டியைத்தான் தூக்கி எறிவாள்.

அந்தப் பெட்டியை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. ஒன்பது குழி, உள்ளே நீல வெல்வெட். அதில் ஆறு, தினமும் சாவி கொடுக்க வேண்டியவை. மூன்று ஆட்டோமேட்டிக், கையில் கட்டினால் தானாக ஓடும். காலை ஏழு மணிக்கு, காபிக்கும் முன்னால், ஆறையும் வரிசையாக எடுத்துச் சாவி கொடுப்பேன். ஒவ்வொன்றின் குமிழும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று வெண்ணெயில் சுற்றுவதுபோல் வழுவழுவென்று போகும். ஒன்று பல் பல்லாகக் கடித்துக்கொண்டு போகும். கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவேன். ஆறும் ஓடத் தொடங்கியதும் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, அன்றைக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளினிக்கைத் திறப்பேன். பல் பிடுங்கிக்கொள்ள வந்து உட்காருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அக்கா. பயத்தில் என் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே அழகாக ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன்.

வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் வாங்கியதில்லை. பல வருடம் ஒன்றுகூட இல்லை. பிடித்திருந்தால் மூன்று சனிக்கிழமை கடைக்குப் போய்க் கட்டிப் பார்ப்பேன். மூன்றாவது சனிக்கிழமையும் கழற்ற மனம் வராவிட்டால்தான் வாங்குவேன்.

உனக்கு அனுப்பியது எல்லாவற்றிலும் மெல்லியது. குமிழ் அரிசியைவிடச் சின்னது. இருபத்தைந்து சுற்று கொடு. எதிர்த்துத் தள்ளினால் நிறுத்திவிடு. சும்மா பெட்டியில் கிடக்கிறது, இன்னொரு கையையும் பார்க்கட்டுமே என்று தோன்றியது. வேறு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னவன்


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டுக்கொண்டது, பலன் இல்லை. தோளுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு. கையைச் சுவரில் மெல்ல ஏற்றி இறக்கு, காலையில் பத்து, மாலையில் பத்து.

உன் கடிகாரத்துக்குத் தினமும் ஏழு மணிக்குச் சாவி கொடுக்கிறேன். வானொலிச் செய்தியோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது நொடி பின்தங்குகிறது. பழுதா என்று கேட்க, செருப்புக் கடைக்கு மாடியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். நாற்பது வயதிருக்கும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. நான் உள்ளே போனதும் தலையைத் தூக்காமலே, "கதவ மெதுவா சாத்துங்கம்மா, ஸ்க்ரூ பறக்கும்" என்றாள். அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. வேலை செய்கிறபோது வாய்க்கு வந்த உபசாரம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்பது நொடி ஒரு குறையே இல்லை என்று சொல்லி, தோல்பட்டையை என் மணிக்கட்டுக்கு ஏற்றபடி இன்னும் இரண்டு துளை போட்டுக் கொடுத்தாள்.

நேற்று வங்கியில் நிற்கும்போது கவுண்டரில் இருந்த பெண், "மேடம், இந்த வாட்ச் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். "தம்பி குடுத்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

பிடித்திருக்கிறது என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அங்கே தாளுக்குப் பஞ்சமா? அடுத்த கடிதத்தை மனிதர்கள் படிக்கிறபடி எழுது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். தோளும் பரவாயில்லை. நீ சொன்னபடி சுவர் ஏறுகிறேன்.

இத்துடன் இன்னொன்று வருகிறது. இது முறைப்படி உனக்குத்தான் சேர வேண்டும். டயலின் ஓரத்தில் பொடி எண்கள் ஓடும், பார். நாடி பிடித்துக்கொண்டு மேல் குமிழை அழுத்து. நீள முள் கிளம்பும். பதினைந்து துடிப்பு எண்ணி மறுபடி அழுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டி நிற்கும். டாக்டர்களுக்காகவே அந்தக் காலத்தில் செய்தது. இருபது வருடம் இதை ஒரு பல் வைத்தியன் கையில் கட்டி வீணாக்கினேன்.

கிளினிக்கில் எனக்குக் கீழே வேலை பார்த்த பெண் டாக்டர் நன்றாகத் தேறிவிட்டாள். இப்போது வாரத்தில் ஐந்து நாள் அவளே பார்க்கிறாள். நான் ஓய்வெடுக்கப் பழகுகிறேன். வீட்டில் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.

பெட்டியில் இப்போது ஏழு. குழிகள் காலியாக இருந்தால் வெல்வெட்டின் நிறம் தெரிகிறது. நீலம் என்று எழுதியிருந்தேன். வெளுத்துவிட்டது.

உன் நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. உடம்பை விட்டுவிடாதே.

உன் சின்னவன்


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம், அதுவும் எண்களோடு: நாடி எழுபத்து நான்கு. உன் கடிகாரத்தில் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்பத்தொன்று, அவர் மனைவிக்கு எழுபது, தபால்காரருக்கு மாடி ஏறி வந்த சூட்டில் தொண்ணூற்றெட்டு. இவ்வளவு நல்ல சாமானை இருபது வருடம் உன்னிடம் விட்டுவைத்தது என் பிழை. திங்கள், புதன், வெள்ளியில் இது. மற்ற நாட்களில் மெல்லியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விடுகிறது. நேரம் காட்டுகிற பொருளே நேரத்தைத் தின்றால் என்ன செய்வது?

ஒரு தகவல். சனிக்கிழமை, உன் அத்தான் என்னை அழைத்துப் போன அந்தப் பெரிய கடிகாரக் கடையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தாண்டவில்லை. உள்ளே போனேன். வெள்ளை உறை மாட்டிய கையால் விற்பனைப் பெண் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டாள். எஃகு, வெள்ளை டயல், தெளிவான எண்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இது முதல் சனிக்கிழமை. அவ்வளவுதான்.

இப்போது கண்டிப்பு. உன் மார்ச் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒரே பக்கத்தில் முப்பத்தைந்து வரி எண்ணினேன். கான்வென்டில் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருப்பார். சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இருபத்து மூன்று இடங்கள். திரும்ப எழுதி அனுப்பு.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் நலம்தானே. பதில் தாமதமாகிவிட்டது.

திருத்தங்களைப் பார்த்தேன். இருபத்து மூன்றும் சரி. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கணினியில் அடித்திருக்கிறேன். எழுத்து எல்லாம் ஒரே அளவில் வருகிறது. உனக்கும் கண் வலிக்காது.

இத்துடன் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் நிலா வளர்ந்து தேயும். மற்றது கறுப்பு முகம். இரண்டுக்கும் முப்பது சுற்று.

உன் சின்னவன்


ஜூன் 22

தம்பிக்கு,

சௌக்கியம்.

இரண்டும் வந்தன. அழகாக இருக்கின்றன. ஆனால், உனக்கு ஐந்து வயதில் ஸ்லேட்டில் கை பிடித்து எழுதப் பழக்கியவள் நான். எனக்கு நீ அனுப்புவது மின்வாரிய நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம். கையெழுத்துக்கூட அச்சில்.

கையால் எழுதிய கடிதம் வந்த பிறகுதான் என் அடுத்த கடிதம்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதவில்லை. ஆனாலும் நான் எழுதுகிறேன். என் சொல்லை நானே மீறுவது இது முதல் தடவை.

இந்த முறை உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நானே சொல்லப் போகிறேன்.

போன வாரம் கடைசி இரண்டு கடிகாரங்களும் வந்தன. ஒரு வரிகூட இல்லை. முகவரி வேறு யாரோ எழுதியது. ஆறையும் எடுத்துக்கொண்டு செருப்புக் கடை மாடிக்குப் போனேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லிய கடிகாரத்தைத் தனியாக எடுத்து, தன் கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள்.

"குமிழச் சுத்திக் கீறல் பாருங்கம்மா. நகம் வழுக்கியிருக்கு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஆறுலயும் இருக்கு. மத்தபடி புதுசு மாதிரி வெச்சிருக்கார். இவ்ளோ பத்திரமா வெச்சிருந்தவர் இத மட்டும் ஏன் இப்படிப் பண்ணார்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"இவர்கிட்ட ஆட்டோமேட்டிக் ஒண்ணும் இல்லையா?"

மூன்று இருக்கிறது என்றேன்.

"அதுல ஒண்ணுகூட உங்களுக்கு வரலையே. சாவி குடுக்கறதா பாத்துப் பொறுக்கி அனுப்பியிருக்கார்."

ஆட்டோமேட்டிக் கட்டிக்கொண்டு நடமாடினாலே சாவி ஏறிவிடும், வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் கட்டினால் ஒன்றரை நாளில் நின்றுபோகும், அவ்வளவுதான் அதில் கவலை என்றாள். அவள் ஏதோ விலை விவரம்போலத்தான் சொன்னாள். நான் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதி வரிசையில் மேஜையில் பரப்பினேன், கட்டிலின் கால்மாட்டில் சார்ட் மாட்டுவோமே, அப்படி. போன வருடம் மார்ச்சில் பக்கத்துக்குப் பதினெட்டு வரி. அக்டோபரில் இருபத்திரண்டு. இந்த ஜனவரியில் இருபத்தேழு. ஒவ்வொரு வரியும் நிமிர்ந்து தொடங்கி, ஓரத்தை எட்டுமுன் குனிந்து குனிந்து தரையோடு போய்விடுகிறது. அடுத்த சார்ட் என்னிடம் இல்லை. அதைத்தான் சிவப்பு மையால் கீறி உனக்கே அனுப்பிவிட்டேன்.

இறுகிய தோள். கிணற்றுக்குள் போன குரல். சிறுத்துப்போன எழுத்து. அரிசி அளவுக் குமிழைப் பிடிக்க முடியாத விரல். உன் வலது கை நடுங்குகிறது. எத்தனை மாதமாக?

நோயின் பெயர் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கடைசி ஒன்பது வருடமும் நரம்பு வார்டில்தான். அந்த வார்டை நடத்தியவள், தன் தம்பியின் எழுத்தைப் பார்த்து, "தாளுக்குப் பஞ்சமா" என்று கேட்டிருக்கிறேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு வழக்கமில்லை. உன் அத்தானிடம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. பழக்கமில்லாததால் சரியாகச் செய்கிறேனா என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

நீ இன்னும் டாக்டரைப் பார்க்கவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்திருந்தால் கடிகாரங்களை இப்படி ஒவ்வொன்றாக வழியனுப்பி வைத்திருக்க மாட்டாய். என் வார்டுக்கு இதே கையோடு வந்து, மாத்திரைக்குப் பிறகு சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எல்லோரும் அல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பலர். சீக்கிரம் வந்தவர்கள் நன்றாகவே சமாளித்தார்கள். வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் உன்னை நான் நிற்க விட மாட்டேன்.

நரம்பு டாக்டரைப் பார். பார்த்த தேதியை எனக்கு எழுது.

இத்துடன் பிள்ளைகள் எழுதிப் பழகுகிற நான்கு கோட்டு நோட்டு ஒன்று அனுப்புகிறேன். கேலி இல்லை. கோடு இருந்தால் எழுத்து குனியாது, வார்டில் கண்டது. ஒவ்வொரு எழுத்தையும் மேல்கோட்டைத் தொட்டு எழுது. ஒரு நாளைக்கு நான்கு வரி போதும். எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருப்பேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

ஒரு நாளைக்கு நான்கு வரி என்றாய். இந்தக் கடிதம் இரண்டு வாரமாக எழுதுகிறேன். மேல்கோட்டைத் தொடுகிறதா பார்.

நலமில்லை. இதை எழுதியதும் கொஞ்சம் நலமாக இருக்கிறது.

போன வருடம் ஆகஸ்டில் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு ஆறு கடிகாரத்துக்கும் சாவி கொடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அது அரை மணி ஆயிற்று. டிசம்பரில் முக்கால் மணி. மெல்லியதன் குமிழ் விரலுக்குள் நிற்கவே இல்லை. ஒருநாள் அதைப் பெட்டியில் அப்படியே வைத்து மூடினேன். மறுநாள் திறந்தபோது ஐந்து ஓடுகின்றன, ஒன்று நின்றிருக்கிறது. அதைப் பார்க்க முடியவில்லை. நிற்பதைப் பார்ப்பதைவிட உன்னிடம் ஓடட்டும் என்று அனுப்பினேன். பிறகு ஒவ்வொன்றாக அதே கதை.

கிளினிக்கில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை முதலில் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள், மருந்து ஊசியை எடுத்தபோது நாற்காலியில் இருந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் என் முகத்தைப் பார்த்த முதல் நோயாளி. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு அந்த டாக்டர் பாப்பாங்கம்மா" என்று சொல்லி வெளியே வந்தேன். அதன் பிறகு நான் ஒரு பல்லையும் தொடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் அவள் பார்ப்பதாக எழுதினேனே, ஆறு நாளும் அவள்தான்.

டாக்டரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காதவரை அது தோள்பட்டை இறுக்கம்தானே. நானே வைத்தியன், என் காதில் நானே பூச்சுற்றிக்கொண்டேன்.

உன் சிவப்பு மைக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கோபத்தில் இல்லை. திருத்தி எழுத முடியுமா என்று தினமும் முயன்றேன். முடியாமல்தான் அச்சடித்தேன்.

ஆகஸ்ட் 11, நரம்பு டாக்டரைப் பார்த்தேன். நீ கேட்ட தேதி. பெயர் நீ நினைத்ததுதான். மாத்திரை காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு. மணி தவறக் கூடாது என்றார். "உங்ககிட்ட நல்ல வாட்ச் இருக்கா?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துவிட்டார். உடனே குணம் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும் என்கிறார்.

உன் முழங்கால் எப்படி? கேட்க மறந்துகொண்டே இருக்கிறேன்.

உன் சின்னவன்


செப்டம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் சௌக்கியம். நானும் சௌக்கியம். உன் கடிதம் வந்ததிலிருந்து நாடி எழுபத்திரண்டு.

மேல்கோட்டைத் தொடுகிறது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் தாண்டியும் போகிறது. தாண்டினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை. இரண்டாவது எப்போது என்று கேட்காதே. ஜூன் மாதம் உன்மேல் கோபமாக இருந்தபோது. அந்த எஃகுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். விற்பனைப் பெண் கழற்ற வந்தாள். கையைக் கொடுக்க மனம் வரவில்லை. வெளியே வந்து வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். அன்றைக்கு உன் அத்தான் அங்கேதான் நின்றார், கதவின் பிடியில் கை வைத்தபடி. "மணி பாக்க எதுக்குத் தங்கம்" என்றதற்கு அவர் சொன்ன பதிலை உனக்கு நான் சொன்னதில்லை. "மணி பாக்க இல்ல. உன் கையப் பாக்க" என்றார். தெருவில் நின்று இப்படியெல்லாம் பேசுவார்களா என்று கோபித்துக்கொண்டேன். இப்போது எஃகுதான் வாங்கினேன். ஆனாலும் அவருக்குப் பிடித்திருக்கும்.

ஆறு கடிகாரங்களையும் தபாலில் திருப்பி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. தபால்காரரின் நாடியை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நானே கொண்டுவருகிறேன். அக்டோபர் 18, காலை விமானம். உன்னைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று நினைத்துப் புடைவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாதே. சட்டைப் பொத்தானை நீயே போட்டுக்கொள்வாய். எனக்குப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஆறு குழிக்கும் உரியது போய்ச் சேர வேண்டும். தினமும் ஏழு மணிக்கு உன் மேஜையில் உட்கார்ந்து சாவி கொடுப்பேன். எது எத்தனை சுற்று என்று நீ கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொல். சத்தமாக என்றால், எனக்குக் கேட்கிற மாதிரி. குரலுக்கும் அது பயிற்சி. என்ன கட்டுவது என்று நீ தேர்ந்தெடு. வெல்வெட்டை மாற்றலாம், நல்ல நீலம் ஒன்றரை கெஜம் வாங்கி வைத்திருக்கிறேன். பத்தாவதற்குக் குழி இல்லை. அது என் கையிலேயே இருக்கும்.

செருப்புக் கடை மாடிப் பெண் உன்னை விசாரித்தாள். கீறல்களை மெருகேற்றி எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எவ்வளவு நாள் தங்குவேன் என்பதை வந்த பிறகு பார்க்கலாம்.

உன் அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

இதை ஒன்பது நாளில் எழுதினேன். போன தடவை பதினான்கு. குறித்துக்கொள்.

உன் அறையைத் தயார் செய்துவிட்டேன். மேஜையைக் கிழக்குச் சன்னலுக்கு நகர்த்தியிருக்கிறேன். ஏழு மணிக்கு வெளிச்சம் குமிழில் விழும். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். கார் ஓட்ட மாட்டேன், வாடகைக் காரில் வருவேன். கிளினிக்கில் நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கருவியைத் தொடவில்லை. எக்ஸ்ரே பார்த்து அந்தப் பெண்ணுக்கு யோசனை சொன்னேன். நாளையும் வரச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது மரியாதைக்கு வந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

வரும்போது சிவப்புப் பேனாவைக் கொண்டுவா. நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். பொறுக்க முடியவில்லை. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை எப்போதும் இடது கையில்தான் கட்டுவேன். கிளினிக்கை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு அது அடிக்கடி நின்றது. உன் மாடிப் பெண் சொன்னது சரிதான். ஒருநாள் எரிச்சலில் வலது கைக்கு மாற்றிக் கட்டினேன். அதன் பிறகு அது நிற்கவே இல்லை, அக்கா. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் கை அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு வெறுப்பாக இருக்கும். என் வாழ்க்கையில் ஒரு கடிகாரத்தை வெறுத்தது அப்போதுதான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை. வெளியே போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி மாத்திரைக்காகக் கையைப் பார்த்தேன். மணி மூன்று இருபது. குலுக்கிப் பார்க்கப் போய், சட்டென்று கையை நிறுத்திக்கொண்டேன். கடிகாரத்துக்கு ஒன்றும் இல்லை. வலது கை தன் பாட்டுக்கு மடியில் அசையாமல் கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

மூன்று இருபதிலேயே அது நிற்கிறது. நான் நேரம் வைக்கவில்லை. நீ வந்து வை.

உன் சின்னவன்